தழும்பில்லாத பக்கம்

அன்பும் கோபமும் சரிபாதியாக, அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் பொய். அங்கே நீ நலமா என்று கேட்டால் அது அதைவிடப் பெரிய பொய். இரண்டையும் விட்டுவிடுகிறேன். இதை உனக்கு முன்னால் படிக்கப்போகும் சிறை அதிகாரி ஐயாவுக்கும் ஒரு வணக்கம். ஐயா, என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு இருமல் விடவில்லை. இருமலுக்கு நடுவிலும் உன்னைத் திட்ட மறப்பதில்லை. "சுவரை வச்சுத்தான் சித்திரம் எழுதணும்னு அவளுக்கு எழுதுடி" என்கிறாள். எழுதிவிட்டேன். நீ கேட்கப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும். உன் உடும்புப் பிடி அவளிடமிருந்து வந்ததுதானே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ சாப்பாட்டை நிறுத்தியதும் எங்களை உன்னைப் பார்க்க விடுவதை அவர்கள் நிறுத்தினார்கள் அல்லவா? அனுமதி கேட்டு எழுதி எழுதி என் விரல் தேய்ந்துவிட்டது. போன வாரம் அரசாங்க முத்திரை வைத்த உறை ஒன்று கடைக்கு வந்தது. ஒரு டீச்சரம்மாவுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன், ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் பாக்கி. உறையைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே போட்டுவிட்டேன். பிரித்தால் நாணயச்சாலைக்கு வரச் சொல்லியிருந்தது. உன் விடுதலையைப் பற்றிப் பேசத்தான் இப்படிச் சுற்றி வளைத்துக் கூப்பிடுகிறார்கள் என்றாள் அம்மா. பைத்தியக்காரி மாதிரி நானும் நம்பினேன். உனக்கு மாற்றுத் துணி ஒரு பையில் எடுத்துக்கொண்டு போனேன் என்றால் பார்த்துக்கொள்.

மாடியில் நீளமான ஓர் அறை. மேசைமேல் பச்சைத் துணி, மூடி போட்ட தண்ணீர்க் குவளைகள், மூலையில் ஏ.சி. சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி. நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெள்ளை பிளாஸ்டர் வட்டுகள். முகத்தை இவ்வளவு பெரிதாகச் செதுக்கி, அப்புறம்தான் காசு அளவுக்குச் சுருக்குவார்களாம். மக்கள் உரிமைக்காகப் போராடியவர்களின் முகங்களை நாலு புதுக் காசுகளில் போடப்போகிறார்கள், யாருக்குத் தகுதி என்று முடிவு செய்யும் குழு இது, குடும்பத்தார் சார்பில் நானும் உட்கார வேண்டும் என்றார் தலைவர். எல்லாம் ஒப்புக்குத்தான். எனக்குப் போட்ட நாற்காலி மற்ற நாற்காலிகளைவிடத் தணிவாக இருந்தது.

தகுதியை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? ஓட்டுரிமை வாங்கித் தந்த வக்கீலுக்கு மீசை எடுப்பாக வருமாம், அவர் உள்ளே. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்த வாத்தியாருக்குக் கண்ணாடி அடையாளமாம், அவரும் உள்ளே. மூன்றாவதாக, அன்று உன்னோடு நின்று உயிரை விட்ட நம் சுமைக்காரர் பேர் வந்தது. அவருக்கு ஒரு போட்டோகூட இல்லை. "முகமே இல்லாதவரை எப்படிங்க போடறது?" என்று கணக்கு அதிகாரி கேட்டார். தள்ளிவிட்டு அந்த இடத்தில் மறைந்த பழைய மந்திரி ஒருவரைப் போட்டுக்கொண்டார்கள். உரிமை பற்றி அந்தக் காலத்தில் நன்றாகப் பேசுவாராம். தொழிற்சங்கப் பெரியவர் பேரை யாரோ சொன்னபோது கணக்கு அதிகாரி விதியை வாசித்தார்: உயிரோடு இருப்பவர் முகம் காசில் வரக் கூடாது. "அவர் இன்னும் காலையில நடைப்பயிற்சி போறாரே!" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அக்கா.

நாலாவதாக ஒரு பெண் வேண்டுமாம். கடைசி வட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார்கள். நீதான்.

தலைவர் உன் கதையை எனக்கே சொன்னார், நான் கேள்விப்படாத மாதிரி. மில்லுக்குப் பின்னால் குடியிருக்கும் சனங்கள் ஆஸ்பத்திரிக்குப் பிணவறைப் பக்கமிருக்கும் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்றிருந்ததாம். சட்டம் மாறியும் முன்வாசல் பூட்டு மாறவில்லையாம். அங்கே நர்ஸாக இருந்த நீ, வலி எடுத்த ஒரு பிள்ளைத்தாய்ச்சியைச் சுமைக்காரர் தூக்கிவர, முன்வாசலைத் திறந்துவிட்டாயாம். சுமைக்காரரைச் சுட்டதையும், உன் மண்டையில் அடித்ததையும், அந்த வாசல் திறந்தால்தான் வாயில் எதுவும் படும் என்று நீ சிறையில் கிடப்பதையும் அவர் சொல்லவில்லை. "துணிச்சலான பெண்மணி" என்று மட்டும் சொன்னார்.

எங்க அக்கா உயிரோடுதானே இருக்கிறாள் என்று கேட்டேன். "காசு வெளிய வர வருஷக் கடைசி ஆயிடும்மா" என்றார் தலைவர். சொல்லிவிட்டுக் குவளை மூடியைத் திறந்து தண்ணீர் குடித்தார். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வட்டைப் பார்த்தேன். நாள் முழுக்கக் காதோரம் கத்தரி பிடிக்கிறவள் நான். காது அச்சு அசலாக உன் காதுதான். ஆனால் உன் இடது பக்கத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். வலது புருவத்துத் தழும்பு எங்கே என்றேன். சிற்பி நல்ல மனிதர், எழுந்து நின்று பதில் சொன்னார். காசில் அப்படி ஒரு கோடு விழுந்தால் அச்சு விரிசல் என்று சனங்கள் நினைத்து வாங்க மாட்டார்களாம். அதனால் தழும்பில்லாத பக்கம். சாயல் சரி என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இது எங்க அக்கா இல்லை, போட மாட்டேன் என்று எழுந்துவிட்டேன். நான் கையெழுத்துப் போடாதவரை உனக்கு ஒன்றும் ஆகாது என்று என் மனசுக்குள் ஒரு கணக்கு. சிரிக்காதே.

சுமைக்காரர் பெண்சாதி வெளியே வராந்தாவில் காத்திருந்தாள். அவரைத் தள்ளிவிட்ட செய்தியை நான்தான் சொன்னேன். "உங்க அக்காவுக்குப் படம் இருக்கு. கொடுத்து வச்சவங்க" என்றாள். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம்.

உன் காசின் மறுபக்கத்தில் என்ன வரும் தெரியுமா? திறந்த கதவு! அன்று சாயங்காலமே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முன்வாசலில் அதே பூட்டு. பிணவறையைத் தாண்டிப் பின்வாசல் வழியாகத்தான் போனோம். ஒரு கதவைத் திறப்பதைவிட ஆயிரம் காசில் கதவை அச்சடிப்பது அவர்களுக்குச் சுலபம்.

அவர்கள் திறக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. நீ கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிறாய், அந்தச் சித்திரத்தையும் அவர்கள்தான் வரைகிறார்கள். ஒரு மடக்குப் பால் குடி. திட்டுவதென்றால் வந்து திட்டு.

உன் சண்டைக்காரத் தங்கை.

*

மதிப்பிற்குரிய சிறை அதிகாரி ஐயாவுக்கு,

வணக்கம். என் அக்காவுக்கு எழுதிய கடிதம் 'கைதிக்கு வழங்க இயலாது' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. ஓரத்தில் தேநீர்க் கறை இருந்தது. அதனால் நீங்கள் உட்கார்ந்து முழுவதும் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். படித்தவருக்கே நேராக எழுதிவிடலாம் என்றுதான் இது.

குழு மறுபடியும் கூப்பிட்டது. நான் சாயல் சரியில்லை என்றேன் அல்லவா, அதற்காகச் சிற்பியைச் சிறைக்கே அனுப்பி அவளை நேரில் பார்க்க வைத்திருக்கிறார்கள். கூடப் பிறந்தவளுக்கு இல்லாத அனுமதி அவருக்குக் கிடைத்தது. அவர் பென்சிலில் வரைந்த தாளை என் முன்னால் வைத்தார். இந்தத் தடவை தழும்பும் இருந்தது. ஐயா, கன்னம் இருந்த இடத்தில் பள்ளம். காது மட்டும் பெரிதாக நிற்கிறது. கண் மூடியிருக்கிறது. இவ்வளவு நாளும் என் மனசில் நான் வைத்திருந்த முகம் இப்போது அவளுக்கு இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

இனி சாயலில் குறை இல்லையே என்றார் தலைவர். இல்லை, குறையே இல்லை, அவளேதான். இருந்தும் இது எங்க அக்கா இல்லை என்று மறுபடியும் சொன்னேன். "பரவாயில்லம்மா, உங்க கையெழுத்து ஒரு மரியாதைக்குத்தான்" என்று சொல்லி, குடும்பத்தார் ஆட்சேபம் என எழுதிக்கொண்டு, அந்தப் பழைய வட்டையே முடிவு செய்துவிட்டார்கள். என் கணக்கெல்லாம் அவ்வளவுதான்.

சிற்பி மாடிப்படி வரை கூட வந்தார். அவர் வரையும்போது அவள் ஒரு தடவை கண் திறந்தாளாம். "முன்வாசல் திறந்தாச்சா?" என்று கேட்டாளாம். "நான் பதில் சொல்லலைம்மா. எனக்கு வாய் வரலை" என்றார். நின்ற இடத்திலேயே அவரைத் திட்டித் தீர்த்தேன். திறந்தாச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி மனுஷா!

வாசல் திறக்கவில்லை, ஐயா. நேற்றும் போய்ப் பார்த்தேன். பூட்டுக்குப் புதிதாக எண்ணெய் போட்டிருக்கிறார்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கீழே அவளுக்கு எழுதியிருப்பதை மட்டும் அவள் பக்கத்தில் நின்று வாசியுங்கள். இடது காதுப் பக்கம் நில்லுங்கள். மண்டையில் விழுந்த அந்த அடிக்குப் பிறகு வலது காது அவளுக்குக் கேட்காது. பொய் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பாவம் என்னோடு போகட்டும், உங்களுக்கு வேண்டாம். பின்னால் உண்மை தெரிந்தால் அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள். விழிக்காமல் இருப்பதற்காவது அவளுக்குக் கண் இருக்கட்டும்.

*

அக்கா,

முன்வாசல் திறந்துவிட்டது. இன்று காலை அம்மாவை அந்த வழியாகத்தான் கூட்டிப்போனேன். காவல்காரர் தன் முக்காலியை ஓரமாக நகர்த்தி வைத்து வழிவிட்டார். அம்மா படியில் நின்று மூச்சு வாங்கினாள். பின்னால் வந்தவர்கள் நகரச் சொல்லியும் நகரவில்லை. "இருங்கப்பா, எம் பொண்ணு திறந்த கதவு, நான் நின்னு நிதானமாத்தான் போவேன்" என்றாள். சுமைக்காரர் பெண்சாதியும் வந்திருந்தாள். கதவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். பூட்டைக் கழற்றிக் கீழே போட்டிருந்தார்கள், பிள்ளைகள் அதைக் காலால் தட்டி விளையாடின. உனக்கு இனி சிறையில் வேலை இல்லை. எழுந்திரு. அவர்கள் கொடுக்கும் பாலைக் குடி, முதலில் ஒரே ஒரு கரண்டி.

சின்னவள் பெரியவளை வாழ்த்தக் கூடாது என்பார்கள். நான் வாழ்த்துகிறேன். உன் முகம் எந்தக் காசிலும் வராமல் போகட்டும். நீ பல் விழுந்த கிழவியாகி, என் கடை நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் சமமாக வெட்டவில்லை என்று என்னோடு சண்டை போடு.

இப்படிக்கு,
கத்தரியோடு காத்திருக்கும் உன் தங்கை.