ஒடுகத்தூரில் வந்து விழுந்த திருத்தங்கள்

இன்று காலை ஆலங்காயம் வீட்டில் உட்கார்ந்து, அலுவலகம் அனுப்பிய புதுக் கணினியில் நம் சோதனை நிரல்களை ஓடவிட்டேன். தொடங்கிய வேகத்திலேயே ஒன்று நின்றது. ‘இந்த ஹெடர் கோப்பு கிடைக்கவில்லை’ என்று திரையில் ஒரே ஒரு வரி. பார்த்தால் எவருக்கும் எரிச்சல் வரும். எனக்கு உன் குரல்தான் கேட்டது. அழையா விருந்தாளியைக் கண்டதுபோல, “வந்துட்டான்டி” என்பாய். நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது.

கல்லூரியில் ஒரே பெஞ்சு, பிறகு ஒரே கம்பெனி, ஒரே குழு. நம் வேலை டீபக்கர். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நடுவில் நிறுத்தி, உள்ளே எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று காட்டும் கருவி. அது சரியாகத்தான் காட்டுகிறதா என்று பார்க்க ஏகப்பட்ட குட்டி நிரல்கள் இருந்தன. அவற்றை எழுதியவர்கள் லினக்ஸில் உட்கார்ந்து எழுதினார்கள். அங்கே கைக்கெட்டிய ஹெடர் கோப்புகளை, அதாவது ஒரு நிரல் இரவல் வாங்கும் துணைக் கோப்புகளை, யோசிக்காமல் மேலே சேர்த்துவிட்டார்கள். வேறு இயங்குதளத்துக்குக் கொண்டுபோனால் அந்தக் கோப்பே அங்கு இருக்காது. நிரல் கம்பைல் ஆகாது, இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாறாது; சோதனையும் நடக்காது.

உன் சிறுநீரகங்கள் பழுதாகி நீ ஜவ்வாது மலைக்கு, அம்மாவிடம் திரும்பியபோது, வீட்டிலிருந்தே செய்யட்டும் என்று, அந்த நிரல்களை எங்கும் ஓடும்படி திருத்தும் வேலையை உனக்குக் கொடுத்தார்கள். யாரும் கேட்டு வாங்காத வேலை. உனக்கு அது பிடித்துப்போனது.

மலையில் சிக்னல் சரியாக வராது. டயாலிசிஸுக்காக நீ வேலூருக்கு வரும் நாட்களில், பஸ் மலையடிவாரத்து ஒடுகத்தூரை எட்டியதும் உன் திருத்தங்கள் எல்லாம் மொத்தமாக என் திரையில் வந்து விழும். ‘கீழே இறங்கிவிட்டாள்’ என்று நினைத்துக்கொள்வேன்.

குழுத் தலைவருக்கு அவசரம். “கம்பைல் ஆகாததையெல்லாம் ஸ்கிப் போட்டுடுங்க, ரிலீஸ் நெருங்குது” என்றார். அதை உன்னிடம் சொன்னபோது கோபப்பட்டாய். “ஸ்கிப் போட்டா, தோத்துச்சுன்னு காட்ற செவப்பு போய்டும்டி. ஆனா அது ஓடவே இல்லன்னு யாருக்குத் தெரியும்?”

ஒருநாள் உன்னைப் பார்க்க வேலூருக்கு வந்தேன். இடது கையில் குழாய்கள், அசைக்கக் கூடாது. வலது கையால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தாய். உன் அம்மா என்னிடம் முறையிட்டார்: “இன்னாம்மா இது, ஊசி குத்திக்கினு இருக்கசொல்லகூட அந்தப் பொட்டிய வுட மாட்றா. நீயாவது சொல்லேன்.”

நான் எங்கே சொன்னேன்? மடிக்கணினியை உனக்கு வாகாகப் பிடித்துக்கொண்டேன்.

“இந்த ஃபைல்ல அந்த ஹெடர் இன்னாத்துக்கு? பாரு” என்றாய். தேடிப் பார்த்தேன். அதிலிருந்து ஒன்றையும் அந்த நிரல் பயன்படுத்தவில்லை. யாரோ வேறொரு கோப்பிலிருந்து நகலெடுத்தபோது கூடவே வந்த வரி. நீக்கினாய். கம்பைல் ஆனது. எந்தக் காலத்திலோ எழுதிய சோதனை, அந்த இயங்குதளத்தில் முதல்முறையாக ஓடியது. ஓடித் தோற்றது. ஐந்து என்று காட்ட வேண்டிய இடத்தில் டீபக்கர் ஏதோ குப்பை எண்ணைக் காட்டியது.

“பாத்தியா! இது நெஜமான தப்பு. இத்தினி நாளா உள்ள உக்காந்துனு இருந்துக்குது” என்று நீ சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

அந்தப் பிழையை இந்த ரிலீஸிலேயே சரிசெய்யலாம் என்று கூட்டத்தில் வாதாடினேன். தலைவர் கேட்கவில்லை. “அடுத்த ரிலீஸ்ல பார்க்கலாம்” என்று முடித்துவிட்டார். நீ வருத்தப்படுவாய் என்று தயங்கித் தயங்கித்தான் போனில் சொன்னேன். “வுடுடி” என்றாய். “அடுத்த ரிலீசுக்குள்ள அம்மாவோட கிட்னிய எனக்கு வெச்சிடுவாங்க. நானே ஆபீசுக்கு வந்து சண்ட போட்றேன்.”

அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்திருந்தார்கள். அதற்கு முன்னால் காய்ச்சல் வந்தது. தொற்று ரத்தத்தில் பரவிவிட்டது என்றார்கள். நீ கண் விழிக்கவில்லை.

அடுத்த ரிலீஸ் வந்தது. பிழையைச் சரிசெய்தார்கள். உன் சோதனை தேறியது. அந்த வாரமே பஸ் ஏறி மலைக்குப் போனேன். உன் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “அவ அப்டி இன்னாம்மா வேல செஞ்சா? யாரும் எனக்குச் சொன்னதில்ல.”

“ஒரு எடத்துல மட்டும் ஓடினு இருந்தத, எல்லா எடத்துலயும் ஓடற மாதிரி செஞ்சாம்மா. அதனால ஒரு பெரிய தப்பு ஆப்ட்டுச்சு. இப்ப அதையும் சரி பண்ணிட்டாங்க.”

சிதறிக் கிடந்த சாமையை முறத்துக்குள் ஒதுக்கினார். பிறகு, “சரியாச்சுன்னு அவளுக்குத் தெரியுமா?” என்றார்.

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “சரியாவும்னு அவளுக்குத் தெரியும்மா” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டார்.

நான் சொன்னது பாதி பதில்தான். மீதியை உன்னிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை அந்தச் சோதனை ஓடும்போதும் அது என் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுகிறது. அஞ்சுன்னுதான் காட்டுதுடி. சரியா காட்டுது.