மேனேஜரின் எடை

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மணலிப் பக்கமிருந்து கேஸ் வாடை. வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டுக்கு லீவு சொல்லிவிட்டு மேனேஜரை நாய் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூன்று ஆட்டோ நிற்கவே இல்லை. நாலாவது ஆட்டோக்காரர், "இன்னா நைனா, நாயா கன்னுக்குட்டியா? சீட்டு மேல ஏத்தாத, கீய உக்கார வை" என்றார். கீழே எங்கே உட்கார்ந்தது? ராயபுரம் வரை அவர் தோளில் மூக்கை வைத்துக்கொண்டே வந்தது.

எடை 41 கிலோ. இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறதாம். லாப்ரடாருக்கு இது சகஜம், உடம்பு பெருத்தால் சீக்கிரம் வரும் என்றார் டாக்டரம்மா. "ரெண்டு மாசத்துல நாலு கிலோ குறையணும். இல்லன்னா படி ஏறுறத மறந்துட வேண்டியதுதான். மூணு வாரம் கழிச்சு வாங்க."

எங்களுக்கு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. 41 கிலோவை யார் தூக்குவது? எனக்கே முட்டி வலி.

செய்ய வேண்டியவை:
சோறு பாதி. மீதிக்குப் பூசணி, பீன்ஸ், உப்பில்லாமல்.
காது மருந்து 5 சொட்டு, கா/மா. (இடது காது. நாற்றம் தாங்கவில்லை.)
வழுக்காமல் இருக்கத் தரையில் சாக்கு.
மெதுவான நடை. தாவக் கூடாது.
டீக்கடைப் பொறை ரொட்டி கிடையாது. கிடையவே கிடையாது.

ஜூன் 5, வியாழன்

ஷிஃப்ட் முடிந்து வந்தால் இடது செருப்பில் வார் இல்லை. பசியாம். என் மனைவி செல்வி கோபத்தில் சிரித்தாள். "உன் மேனேஜரு பூசணிய தொடல. செருப்ப மட்டும் ஒயுங்கா துன்னுகினாரு."

மேனேஜர் என்ற பெயர் நான் வைத்ததல்ல. யார்டு மேனேஜர் ஆறு வருஷத்துக்கு முன் மாற்றலாகிப் போகும்போது குட்டியை செக்யூரிட்டி ரூமில் கட்டிவிட்டுப் போனார். வந்து கூட்டிப்போகிறேன் என்றார். ஆள் வரவில்லை. பெயர் மட்டும் நாயோடு தங்கிவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்ற செல்விதான் அதற்குத் தலையணை கொடுத்தாள்.

முதுகு வலி. சீக்கிரம் படுக்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

நடை என்று பெயர். டீக்கடை வாசலில் உட்கார்ந்துவிட்டால் கிரேன்தான் வர வேண்டும். கண்ணாடி ஜாடியில் பொறையைப் பார்த்தபடி எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கிறது. டீ குடிக்கிறவர்கள் எல்லோரும் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். "ஒரு பொறை போட்டா இன்னா கொறஞ்சிடும்?"

குறையாது. அதுதானே ஐயா பேஜாரு.

படி ஏற இன்று நாலு இடத்தில் நின்றது. பின்னால் இருந்து இடுப்பைத் தாங்கி ஏற்றினேன். காது பரவாயில்லை.

ஜூன் 14, சனி

நல்ல நாள். எழுதி வைக்கிறேன்.

ஆட்டோ தொல்லை வேண்டாம் என்று, கீழே தாஸ் வைத்திருக்கும் காயலான் கடைக்குக் கூட்டிப்போனேன். இரும்பு நிறுக்கும் பெரிய தராசு. கூட்டம். மேனேஜர் ஏறி ஜம்மென்று நின்றது. "நாயயும் எடைக்குப் போட வந்துட்டியா நைனா?" என்று தாஸ் சிரித்தார்.

37 கிலோ!

பதினோரே நாளில் நாலு கிலோ. டாக்டர் இரண்டு மாசம் கேட்டதை நாங்கள் முடித்துவிட்டோம். செல்விதான், "மெய்யாலுமே நாலா? பாத்தா அப்டியேதான கீது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பட்டினி போட்டவனுக்குத் தெரியாதா?

ஜூன் 16, திங்கள்

மீன்பிடித் தடை முடிந்து காசிமேட்டில் மீன். சங்கரா வாங்கினேன். மேனேஜருக்கும் முள் எடுத்து வேகவைத்துப் போட்டோம். சோறும் கொஞ்சம் கூடுதல். பாவம், எத்தனை நாளாகப் பூசணி. சாப்பிட்டுவிட்டு என் மடியில் தலை வைத்துத் தூங்கியது. கால் மரத்துப்போனது. நகரவில்லை.

ஜூன் 21, சனி

தாஸ் தராசில் 38. காலையில் குடித்த தண்ணீராக இருக்கும். நானே ஒரு பொறை வாங்கிப் போட்டேன். ஒன்றே ஒன்று. இரண்டு.

படியில் இன்று ஆறு இடத்தில் நின்றது. புழுக்கத்தினால் என்று செல்வியிடம் சொன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

டாக்டரிடம் 42.

தராசு கெட்டுவிட்டதா என்று கேட்டேன். அவர் தானே ஏறிக் காட்டினார். தராசு சரி. பின்னங்கால் சதை வற்றிவிட்டது, இனி படியே கூடாது என்றார். "வீட்டை மாத்துங்க, இல்ல கீழ யார்கிட்டயாவது விடுங்க. இன்னும் பத்து நாள் இப்படி ஏத்தி இறக்குனா உக்காந்துடும்." மாத்திரை மா.1, சாப்பாட்டுக்குப் பின்.

திரும்பி வந்ததும் நானும் செல்வியும் போர்வையில் கிடத்தி மேலே தூக்கினோம். ஒவ்வொரு மாடியிலும் இறக்கிவைத்து.

ஜூன் 25, புதன்

தாஸிடம் சண்டைக்குப் போனேன். மனுஷன் கடையில் இருந்தவர்கள் போகும்வரை காத்திருந்தார். பிறகு மெதுவாக:

"நைனா, நான் வாங்கறவன். வாங்கற தராசு கம்மியாத்தான் காட்டும். ஊருக்கே தெரியும், உனுக்குத் தெரியாதா?"

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நாலு பேரு பயய பேப்பரோட நின்னுகினு இருந்தாங்க. அவங்க எதிர்ல எப்டி சொல்றது? நீ வேற அவ்ளோ குஷியா கீற. அப்பாலிக்கா சொல்லலாம்னு வுட்டேன்."

அடிக்கக் கை வரவில்லை. இருபது வருஷமாக அதே தராசில் பழைய பேப்பர் போட்டு, குறைவாகக் காட்டுகிறான் என்று இதே தாஸைத் திட்டியவன் நான். நாய் ஏறி நின்றதும் நம்பிவிட்டேன். நம்ப வேண்டும்போல இருந்தது, நம்பினேன். தப்பு என்னுடையது.

தாஸ் தலை நிமிராமல் சொன்னார்: "கடை கீயதான கீது. படி இல்ல. மேனேஜரு இங்க இருக்கட்டும். நான் பாத்துக்கறேன். பொறை போட மாட்டேன், சத்தியமா."

ஜூன் 27, வெள்ளி

காலையில் போர்வையில் கிடத்தி இறக்கினோம். கடையின் பின்பக்க ரூமில் சாக்கு விரித்து, மேலே செல்வியின் தலையணை. நாங்கள் கிளம்பியதும் எழப் பார்த்தது. பின்பக்கம் எழவில்லை. வாலை மட்டும் ஆட்டியது, நாங்களும் இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு.

ஜூன் 28, சனி

அதே புழுக்கம். செல்வி வீடு பெருக்கினாள். முறத்தில் மேனேஜரின் முடி. கொட்டாமல் அப்படியே வைத்துவிட்டாள்.

பத்து மணியிலிருந்து கீழே குரைக்கிறது. மூன்று குரைப்பு, நிறுத்தம், மறுபடி மூன்று. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாங்க, உங்க மேனேஜரு உங்கள கூப்டுது" என்றார்.

இரண்டு தடவை போய்வந்தேன். போனால் நிறுத்துகிறது. முட்டி வலி. இனி போகக் கூடாது, பழகட்டும் என்று சொன்னேன். செல்வி இரண்டு தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, மேலே மூடி வைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"டைரி எய்துனது போதும். அதால ஏற முடியாது. நாமதான எறங்கணும்."