காடு என்று சொல்லித் தொலைத்தேன்

ஞாயிறு, ஆனிக் கடைசி.

தூக்கம் வரவில்லை. எத்தனையோ சுற்றுச்சூழல் குழுக்களை விசாரித்து, இவர்கள் உருப்படியாக ஏதோ செய்கிறார்கள் என்று பிடித்தவள் நான். பல்லடத்துப் பக்கம் இருக்கும் சித்தியிடம் போனில் கேட்டவளும் நான்தான். "உங்க காட்டைக் காப்பாத்தித் தர்றாங்களாமுங்க சித்தி, வரச் சொல்லட்டுங்களா?" சித்தி உடனே சரி என்றார்.

இன்று போய்ப் பார்த்தால், ஆடு மேயும் புல்வெளி முழுக்கச் சுண்ணாம்புக் கோடு. நெருக்கமாக மரம் நட்டு அடர்வனம் ஆக்கப் போகிறார்களாம். சித்தி என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏங்கண்ணு, காட்டக் காப்பாத்தறோம்னுதானே சொன்ன? மரத்த வெச்சு மூடிப்போட்டா புல்லு எங்க மொளைக்கும்? கௌதாரி எங்க முட்ட வெக்கும்?"

குழுத் தலைவரிடம் ஓடினேன். அவர் சிரித்தார். "வெறும் பொட்டலுங்க இது. காடாக்கித் தர்றோம், வேண்டாங்கறீங்களே!"

சித்தி வாயில் காடு என்றால் அந்த மேய்ச்சல் நிலம்தான். சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சு. நகரத்துக்கு வந்து எனக்கு எப்படி அது மறந்துபோனது?

கிளம்பும்போது சித்தி திட்டவாவது செய்திருக்கலாம். "நீ நல்லதுக்குத்தான் பண்ணியிருப்ப" என்றார்.

காலையில் குழி தோண்ட ஜேசிபி வருகிறது. வாட்ஸ்அப் குழுவில் எழுதி எழுதி அழித்து, கடைசியில் அனுப்பிவிட்டேன்: "நாளைக்கு வராதீங்க. நிலத்துக்காரங்களுக்குச் சம்மதமில்லை. தப்பாகச் சொன்னது நான்."

இன்னும் யாரும் பார்க்கவில்லை. முதல் பஸ்ஸிலேயே போய்விட வேண்டும். ஜேசிபிக்கு முன்னால் புல்லில் உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வார்கள்?