பனிக்குன்றின் மேல் கரி

மார்ச் 17

பனிக்குன்றின் ஒரு பக்கம் உள்வாங்கியிருக்கிறது. வெயில் இன்னும் உறைக்கவே தொடங்கவில்லை. பிறகு எப்படி?

குளிர்காலம் முழுக்கக் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி, உறைய உறைய வளர்த்தது. மே மாதம் இந்தச் சரிவில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. ஊர் ஆடுகளுக்கெல்லாம் இந்தக் குன்றுதான் தண்ணீர். காவல் பொறுப்பு என்னுடையது.

மார்ச் 18

ஏறிப் பார்த்தேன். பனியில் கறுப்புப் பொடி. விரலில் தேய்த்தால் கரி. காற்று கொண்டு வந்ததா? காற்று கைப்பிடி கைப்பிடியாகவா தூவும்?

குன்று அமைக்கக் கற்றுக்கொடுத்த பொறியாளர் சொன்னது நினைவிருக்கிறது: “வெள்ளையா இருக்கிற வரைக்கும் வெயில் பட்டுத் திரும்பிப் போயிடும். கறுப்பு ஒட்டினா மொத்த வெயிலையும் குடிச்சிடும்.” அன்று ஊரே நின்று கேட்டது. ஆக, தெரிந்தே செய்த வேலை.

உருகும் தண்ணீர் எங்கே போகிறது? கீழே ஓடைக்கு. ஓடையோரம் இரண்டே பட்டிகள். ஒன்று தொக்தோசுனுடையது, இன்னொன்று எங்களுடையது.

அப்படியென்றால் தொக்தோசுன்.

மார்ச் 19

தொக்தோசுனின் ஆடுகள் வயிறு முட்டக் குடித்துவிட்டுப் படுத்திருக்கின்றன. எங்களுடையவையும்தான். பக்கத்தில் தண்ணீர் ஓடினால் அவை குடிக்காமல் என்ன செய்யும்?

மார்ச் 21

நவ்ரூஸ், வசந்தப் புத்தாண்டு. முளைக்கோதுமையில் சுமலக் கூழ் கிண்டும் அண்டாவைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தபோது, கரி தூவியது தொக்தோசுன்தான் என்று சொல்லிவிட்டேன்.

தொக்தோசுன் சிரித்தான். “பெர்மெத், என் தாடியிலயும் கரி இருக்கு பாரு. அதையும் சுரண்டிக்கிட்டுப் போ!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மழுப்பாதீங்க அண்ணே! ‘தண்ணிய ஐஸாக்கி மறுபடி தண்ணியாக்க ஒரு கமிட்டியா’ன்னு கேலி பண்ணது யாரு?”

சிரிப்பு நின்றது. அதன்பிறகு அவன் மனைவி ஸூரா சுட்டுக் கொண்டுவந்த ரொட்டியை யாரும் தொடவில்லை. என் வீட்டுக்காரன் கெங்கெஷ் மட்டும் பிய்த்துத் தின்றான். வழியெல்லாம் அவனோடு சண்டை. “ரொட்டி என்ன பாவம் பண்ணுச்சு?” என்கிறான்.

மார்ச் 27

ஊர்க் கூட்டத்தில் முடிவு: தொக்தோசுன் பட்டியை ஓடையோரத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். மே மாதம் தண்ணீர் காட்டும்போது அவன் ஆடுகளுக்குத்தான் கடைசி முறை. என் பேச்சே போதுமானதாக இருந்தது. கெங்கெஷ் இடுப்பு வலி என்று வரவில்லை.

மனது நிறைந்திருக்க வேண்டுமே? நிறையவில்லை.

மார்ச் 30

மறுபடி கரி! பட்டியை மேட்டுக்கு ஓட்டிய பிறகும் இறங்கி வருகிறானா? அவ்வளவு வன்மமா? கால்தடம் தேடினேன். ஆடுகள் எல்லாவற்றையும் மிதித்துவிட்டன.

குன்றடியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி விலகிய இடத்தில் பாறை தெரிகிறது. பாறை வெயிலைக் குடித்துச் சூடாகிறது, அந்தச் சூடு பக்கத்துப் பனிக்குப் போகிறது, அதுவும் உருகினால் இன்னும் கொஞ்சம் பாறை. வடக்கே கடல்மேல் மிதக்கும் பனிக்கும் இதே கதிதானாம். பனி போனால் கறுத்த கடல்நீர் வெயிலை விழுங்கிக்கொள்கிறதாம். பூமியே இப்படித்தான் சூடேறுகிறது என்றார் பொறியாளர். அங்கே போய் நான் யாரைச் சந்தேகப்படுவது?

இங்கே ஆள் இருக்கிறான். பிடிப்பேன்.

ஏப்ரல் 2

மண்வெட்டியால் கரியைச் சுரண்டினேன். நடுவில் பாதி உருகிய பித்தளைப் பொத்தான். நட்சத்திரம் போட்டது. என் பழைய கோட்டுடையது. போன வாரம் அந்தக் கோட்டை அடுப்பில் போட்டது நானேதான்.

எங்கள் அடுப்பு. எங்கள் சாம்பல்.

சாப்பாட்டு நேரத்தில் பொத்தானைக் கெங்கெஷின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் மறுக்கக்கூட இல்லை.

“ரெட்டைக் குட்டி போட்ட ஆடுங்க. தண்ணி இல்லாம பால் வத்திப் போச்சு. என்ன பண்ணச் சொல்றே?”

“கூட்டத்துல கேட்டிருக்கலாமே!”

“கேட்டா? முதல் ஆளா வேணாம்னு சொல்றது நீதானே?”

“அந்த மனுஷன் மேல பழி போட்டேனே, அப்ப ஏன் வாயத் திறக்கல?”

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “நீ எங்கிட்ட கேக்கவே இல்லையே.”

உண்மைதான். கேட்கவே இல்லை. ஓடையோரம் இரண்டு பட்டி என்று நானே எழுதியிருக்கிறேன். ஒன்றைத்தான் பார்த்தேன். சீ.

ஏப்ரல் 3

கூட்டத்தில் சொன்னேன். கெங்கெஷ் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான். ஏதாவது கேலி பண்ணுவான் என்று தொக்தோசுன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“சரி, பட்டிய இறக்கிக்கிறேன்” என்றான். போய்விட்டான்.

ஏப்ரல் 9

ஸூராவைக் கடையில் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரியிடம் உப்பு விலை கேட்கத் திரும்பிக்கொண்டாள்.

மே 24

குன்று கரைந்துவிட்டது. மேலே ஜைலோவுக்கு, கோடை மேய்ச்சலுக்குப் போகும்வரை தாங்கியிருக்க வேண்டியது. எல்லோரும் ஆற்றுக்கு ஆடுகளை ஓட்டிப் போகிறார்கள், அரை நாள் நடை. எங்கள் மந்தை கடைசியில். யாரும் சொல்லவில்லை. கெங்கெஷே கடைசியில் நிற்கிறான்.

நவம்பர் 29

குன்றுக்குத் தண்ணீர் எடுக்கும் ஊற்றின் ஓரம் உறைந்துவிட்டது. குழாய் பதிக்கிறார்கள். இந்த வருஷம் காவல் பொறுப்பு தொக்தோசுனுடையது.

காலையில் எங்கள் வாசலில் அவன் குரல். “கெங்கெஷ்! குழாய் பிடிக்க ஆள் வேணும். வாடா கரிமூட்டை!”

கெங்கெஷ் சிரித்துக்கொண்டே ஓடினான். நானும் பூட்ஸ் மாட்டி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன்.

“நீ இரும்மா” என்றான் தொக்தோசுன். “குளிரா இருக்கு.”

குரலில் கோபமே இல்லை. இருவரும் தோளில் குழாயைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறினார்கள். அவன் ஏதோ சொல்ல, கெங்கெஷ் சிரிப்பது கேட்டது.

மண்வெட்டியைக் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தேன்.