உன் பிள்ளை சாப்பிட்டான்

என் தங்கைக்கு,

காய்ச்சல் இறங்கியதா? உன் பிள்ளை நன்றாக இருக்கிறான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை நாலு இடம் சுற்றினால் உன்னைத் தேடி அழமாட்டான் என்றுதான் உன் அத்தான் எங்களை இந்த ஊருக்குக் கூட்டிவந்தார். எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

இன்று மதியம் ஓட்டலில் அவன் பண்ணிய அமர்க்களம்! நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று காலை விறைத்துக்கொண்டான். சூப்பைத் தட்டிவிட்டான். பக்கத்து மேசைக்காரரின் செருப்பைக் கழற்றப் போனான். நான் பின்னாலேயே ஓடினேன்.

பரிமாறிய பெண் ரொட்டியைப் பிய்த்து நீட்டி, "யாரு ஊட்டினா சாப்பிடுவே கண்ணு?" என்றாள்.

அவன் என்னைக் காட்டி, "அம்மா" என்றான்.

"அதான் பார்த்தேன், அப்படியே உங்க ஜாடை!"

நான் மறுக்கவில்லை. உன் அத்தான்தான் குனிந்து, "பெரியம்மாடா, பெரியம்மா சொல்லு" என்றார். அவன் மறுபடியும் "அம்மா" என்று வாயைத் திறந்தான். தட்டு காலியாகும்வரை ஊட்டினேன். அப்புறம் கை கழுவப் போனவள் குழாயை மூடாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

அறைக்கு வந்ததும் பெட்டியைக் கட்டிவிட்டேன். "இன்னும் ரெண்டு நாள் இருக்கே?" என்று அவர் கேட்டார்.

நாளையே திரும்புகிறோம். ஆஸ்பத்திரியில் குழந்தையை உள்ளே விடமாட்டார்கள். இந்தக் கடிதத்தை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். படித்ததும் தலையைத் திருப்பிப் பாரடி. அவன் உன்னை "அம்மா" என்று கூப்பிடட்டும். இன்னும் இரண்டு வேளை ஊட்டினால் எனக்குப் பழகிவிடும்.

உன் அக்கா