அஞ்சை அம்பதாக்கியவர்களுக்குக் கையெழுத்து இல்லை

என் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவனே, என்னை ஏசாமல் ஒரு நாளும் சோறு இறங்காத சின்னையா மச்சானே,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. திதிக்கு உன் போட்டோவைப் பேப்பரில் போடலாம் என்றார்கள். போட்டோ யாரோடு பேசும்? நான் பேசுகிறேன், அதைப் போடுங்கள் என்றேன். நான் சொல்லச் சொல்ல உன் மகள் மலர்க்கொடிதான் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். தன் பேச்சு வரும் இடத்தில் விரலை எடுத்துவிடுகிறாள். "மாமா, இதெல்லாம் வேணாம்" என்கிறாள். "ஒங்கப்பன்கிட்ட நான் பேசிக்கிட்டு இருக்கேன் ஆத்தா, ஊடால வராத, அடி" என்று அதட்டி வைத்திருக்கிறேன்.

மலர் இப்போது கறம்பக்குடியில் நம் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். சர்க்யூட் போர்டுக்குப் படம் போடும் வேலை. பச்சைப் பலகையில் செம்புக் கோடு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரிலேயே இழுக்க வேண்டும். மெஷின் சூடாகக் கூடாதென்று அந்த அறைக்கு ஏசி போட்டிருக்கிறது. மெஷினைச் சாக்கிட்டுப் பகலெல்லாம் நானும் அங்கேதான் கிடக்கிறேன். உனக்கு வாய்க்காத யோகம். வயிறெரியாதே.

ஒரு நாள் கேட்டேன்: "ஏன் ஆத்தா, நேராப் போற கோட்ட இப்படி வளைச்சு வளைச்சு விடுற? எடம் மிஞ்சிக் கெடக்கா?"

அவள் உன்னைத்தான் சொன்னாள். அவளுக்கும் என் மகனுக்கும் கல்யாணம் நடந்த அன்று மூன்று தெருவிலிருந்து சீர்த்தட்டு வந்ததே, நினைவிருக்கிறதா? எல்லாத் தட்டும் மேளத்தோடு சேர்ந்து வாசலுக்கு வர வேண்டும் என்று, பக்கத்துத் தெருப் பெண்களைக் குளத்தைச் சுற்றிவிட்டு வரச் சொன்னாய். "தட்டோட சுத்துறது நாங்க, வாயால சுத்துறது நீங்களாக்கும்" என்று ஒருத்தி உன்னைக் கிழித்தாளே. போர்டிலும் அதுதானாம். ஒரு சிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சேதி பல கோடுகளில் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். குட்டைக் கோடு முந்திக்கொள்ளும். அதனால் அதைச் சுற்ற விடுகிறார்கள்.

நீளத்தில் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்று ஒரு கட்டத்தில் எண்ணைப் போட்டு வைத்துவிட்டால், சாஃப்ட்வேரே ஒவ்வொரு கோடாக அளந்து, ரூலை மீறியதைச் சிவப்பில் காட்டும். மலரின் போர்டுக்கு அந்த எண் அஞ்சு. அஞ்சு என்றால் இரண்டு தலைமுடியின் தடிமன்தான். அவ்வளவு கறார்.

போன வாரம் ஒரு மத்தியானம், இருபத்துமூன்று கோடு சிவப்பாக நின்றது. அவளுக்கு மேலே இருக்கும் ஆபீசர் சென்னையிலிருந்தே அதே படத்தைத் திறந்து, "நான் பாக்குறேன்மா, நீங்க சாப்பிட்டு வாங்க" என்றார். திரும்பி வந்தால் ஒரு சிவப்பு இல்லை.

"சார் எல்லாத்தையும் சரி பண்ணிட்டாரு மாமா!" என்று மலர் கைதட்டினாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும். பஸ் நம்பரைப் பார்த்தே ஊர் ஊராகப் போய்வந்தவன். ஒரு தடவை கண்ணில் பட்ட எண் என்னை விட்டுப் போனதில்லை.

"கோடு ஒண்ணும் அசையலையே ஆத்தா," என்றேன். "காலையில அந்தக் கட்டத்துல அஞ்சு கெடந்துச்சு. இப்பப் பக்கத்துல ஒரு சைபர் வந்து ஒக்காந்திருக்கு."

அவள் முகம் போன போக்கைச் சொல்லட்டுமா? அதை அடிக்க மாட்டேன் என்கிறாள். கோட்டைத் திருத்தவில்லை, மச்சான். ரூலைத் தளர்த்திவிட்டார்கள். இரண்டு முடி இருந்த இடத்தில் ஒரு கடுகே உருளலாம் என்றாக்கிவிட்டு, தப்பே இல்லை என்கிறார்கள்.

உடனே போன் போட்டாள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்பதே போதும்மா. பழைய போர்டெல்லாம் ஓடலையா? நாளைக்கு ஃபேக்டரிக்குப் போகணும். எரர் இல்லைன்னு சைன் பண்ணி அனுப்புங்க."

"சிப் செஞ்சவங்க அஞ்சுன்னு எழுதியிருக்காங்க சார். அம்பது போதும்னு நீங்க ஒரு மெயில் போட்டுருங்க. நான் சைன் பண்ணிடுறேன்."

போனை வைத்துவிட்டார். மெயில் இன்று வரைக்கும் வரவில்லை.

என் மகன் செல்வம், உன் மருமகன்தான், கத்தாரிலிருந்து என்னைக் கூப்பிட்டான். "அப்பா, நீங்களாச்சும் அவகிட்டச் சொல்லுங்க. ஒரு கையெழுத்துதானே?"

"ஒரு கையெழுத்துதான்டா. அதைத்தான் போட மாட்டேங்குறா" என்று வைத்துவிட்டேன்.

அவனிடம் சொல்லாததை உன்னிடம் சொல்ல வேண்டியதில்லை, நீ பட்டவன். வாய்க்கால் வேலை முடிந்தது என்று காண்ட்ராக்டர் நீட்டிய தாளில் நான் பெருவிரல் வைத்தேன். கடைமடை வரைக்கும் வெட்டவேயில்லை. உன் வயல் காய்ந்தது. "படிக்கத் தெரியாட்டிப் போகுது, நடந்து போய்ப் பாக்கவுமாய்யா தெரியாது?" என்று நடுச்சந்தையில் கேட்டாய். ஒரு வருஷம் என் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அன்றைக்குக் குனிந்த தலை. இன்றைக்கும் நிமிரவில்லை. ஆனால் அந்தத் தலைகுனிவு மலருக்கு வர நான் விடமாட்டேன்.

கட்டத்தில் மறுபடி அஞ்சைப் போட்டாள். இருபத்துமூன்றும் எழுந்து நின்றன. ராப்பகலாக வளைத்துப் பத்தொன்பதைச் சரிக்கட்டினாள். மீதி நாலுக்கு வளைய இடமில்லை. ஒரு சிப்பைத் தள்ளி வைத்தால்தான் முடியும், அதற்கு ஒரு வாரம் வேண்டும். அந்த நாலையும் பேர் பேராகத் தாளில் எழுதி, 'எரர் இருக்கிறது' என்றே அனுப்பிவிட்டாள். நாளைக் காலை பத்து மணிக்குப் பெரிய ஆபீசர்கள் கம்ப்யூட்டர் வழியாக அவளை விசாரிக்கப்போகிறார்கள்.

"வேல போயிருமா ஆத்தா?"

"போனாலும் போகும் மாமா. ஆஸ்பத்திரியில கட்டில் பக்கத்துல நாடி காட்டுமே, அந்த மெஷினுக்குள்ள போற போர்டு இது."

உன் கட்டில் பக்கத்திலும் ஒன்று இருந்தது. நாங்கள் எல்லோரும் அதைத்தானே பார்த்துக்கொண்டு நின்றோம்? அது காட்டியதை நம்பித்தானே விடிந்ததும் காப்பி வாங்கப் போனேன்? திரும்பி வருவதற்குள் நீ போய்விட்டாய்.

நாளைக்கு அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு நானும் உட்காருவேன். கேமராவில் என் தலை தெரியக் கூடாதாம். தெரியட்டும். யார் இந்தப் பெரியவர் என்று கேட்டால், அந்த அஞ்சைக் கண்ணால் பார்த்தவன் என்பேன். வேலையைப் பிடுங்கினால் பிடுங்கிக்கொள்ளட்டும். செல்வத்திடமும் சொல்லியாயிற்று, அவன் கோபித்துக்கொண்டால் கத்தாரிலேயே கோபமாக இருக்கட்டும். அந்த நாலு கோடும் சரியாகிற வரைக்கும் உன் மகள் கையெழுத்து அந்தத் தாளில் விழாது. விழ வைக்க வருகிறவன் முதலில் என்னைத் தாண்டி வரட்டும்.

அவளை மருமகளாகக் கொண்டுவந்து, அவள் பக்கம் போய் உட்கார்ந்துவிட்ட
உன் மச்சான்
கருப்பையா