காகிதம் கேட்காமல் எழுதிய பெயர்

சேசு மரி சூசை துணை

இராயபுரம்
12-2-1950

அன்பு மகள் ஹில்டாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. சர்வேசுரன் இரக்கத்தில் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் செபத்தில் நினைக்கிறோம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்து, கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாள். உனக்கு ஏழாம் மாதம், அடிக்கடி மாடிப்படி ஏறாதே. மூன்று கடிதத்துக்கும் ஏன் பதில் இல்லை என்று கேட்டிருந்தாய். ஆபீசில் வேலை அதிகம் என்று எழுதப் பார்த்தேன், அது பொய். வெட்கத்தில்தான் எழுதவில்லை அம்மா.

கார்ப்பரேஷன் ஆபீசில் நான் பிறப்பு இறப்பு எழுதும் ஜன்னலுக்கு அக்டோபரில் கன்னியம்மா என்று ஒரு பெண் வந்தாள். எட்டு வயதிருக்கும், இடுப்பில் இரண்டு வயதுத் தங்கை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு பக்கம் குடிசை. தகப்பன் எங்கோ போய்விட்டான், தாய் காலராவில் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் மத்தியானச் சோறு கிடைக்கும், தங்கைக்கும் ஊட்டலாம் என்று வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சீட்டு கேட்டார்கள். சீட்டுக்கு நான் ரேஷன் கார்டு கேட்டேன். ரேஷன் ஆபீசில், தாய் பெயர் கார்டு ரத்தாகிவிட்டது, புதுக் கார்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து எழுதி வாங்கி வா என்றார்கள். மூன்று முறை என்னிடம் வந்தாள். "அங்க போனா இங்க போன்றாங்க, இங்க வந்தா நீ அங்க போன்றே, நான் எங்க சார் போறது" என்று கேட்டாள். ரூல் அப்படித்தான், நகரு என்றேன்.

நான்காம் முறை வந்தபோது இடுப்பில் குழந்தை இல்லை. நான் அதைக்கூடப் பார்க்காமல் கார்டு எங்கே என்றேன். "கார்டு வாணாம் சார், பாப்பா பூட்ச்சி, எழுதிக்கோ" என்றாள். பெயர் கேட்டதற்கு, "பாப்பான்னுதான் கூப்டுவோம்" என்றாள். அப்படியே எழுதினேன். அவள் உயிரோடிருப்பதற்குச் சீட்டுத் தர அத்தனை காகிதம் கேட்ட நான், தங்கை செத்ததை ஒரு காகிதமும் கேட்காமல் ஐந்து நிமிஷத்தில் எழுதி முடித்தேன். அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. உன் வயிற்றுப் பிள்ளைக்கு அம்மா சட்டை தைப்பதைப் பார்க்கவும் என்னால் முடியவில்லை.

மறுநாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மூன்று இடமும் ஒரே ரோட்டில்தான் இருக்கின்றன, பதினேழு வருஷத்தில் மற்ற இரண்டுக்குள்ளும் ஒரு நாளும் போனதில்லை. தலைமை டீச்சர் தங்கபுஷ்பம், நானும்தானே திருப்பி அனுப்பினேன் என்று அழுதுவிட்டார். ரேஷன் இன்ஸ்பெக்டர் சௌக்கத் அலி முதலில், "ரூலு இன்னா என் கையிலயா கீது" என்று சத்தம் போட்டார், பிறகு அவரே வந்தார். சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூட வராந்தாவில் ஒரே மேஜையில் மூவரும் உட்கார்ந்தோம். எங்கள் ரிஜிஸ்டரை நாங்களே ஒருவருக்கொருவர் காட்டி, பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் முடிக்க வேண்டும் என்று பேச்சு. முதல் சீட்டு கன்னியம்மாவுக்கு. பக்கத்துக் குடிசை அம்மாள் கைநாட்டு வைக்க, கார்டும் ஆயிற்று. ரிஜிஸ்டரை வெளியே கொண்டுபோனதற்கு என் மேலதிகாரி மெமோ கொடுத்தார். கவுன்சிலர் நேரில் வந்து பார்த்துப் பேசியதில், இந்த மாதம் எழுத்து மூலமாகவே அனுமதி வந்துவிட்டது. இதுவரை இருபத்துமூன்று பிள்ளைகள். எல்லாரும் மெச்சுகிறார்கள், எனக்குத் தலை நிமிரவில்லை.

கன்னியம்மா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மன்னிப்புக் கேட்க ஒரு நாள் கிட்டே போனேன், கும்பிட்டுவிட்டு ஒதுங்கிவிட்டாள். நேற்று யார்டு பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டி வந்தாள். என் காதில் விழும்படியே, "அந்த சாராண்ட போவாத, டீச்சராண்ட போ" என்றாள். நான் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன்.

மாதா உன்னையும் பிள்ளையையும் கைவிடமாட்டாள். மீன் எண்ணெய் மருந்தை நிறுத்திவிடாதே. அந்தப் பாப்பா விஷயம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இருந்தாலும் பதிலை ஆபீசுக்குப் போடாதே, வீட்டு விலாசத்துக்கே போடு. அது வருவதற்குள் நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பா,
அ. கஸ்பார்